இரத்த மருந்தும் வாய்ப்பூட்டும்

இராயபுரத்திலும், காசிமேட்டிலும், திருவொற்றியூரிலும், எண்ணூரிலும் திடகாத்திரமாயிருந்த ஒரு மனிதன், இராத்திரி வேலை முடிந்து வீடு திரும்பும்போது வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் விழுந்து, பேச்சுக் குழறிக் கீழே சாய்ந்தானானால், "முனி அடித்துவிட்டது" என்றும், "காத்துக் கருப்பு பட்டுவிட்டது" என்றும் சொல்லி வேப்பிலைக்காரனைத் தேடி ஓடிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலம் அடியோடு தொலைந்துவிட்டதென்று சொல்ல நாம் வரவில்லை. ஆனாலும் இன்று பெரும்பாலோர் அதைப் பக்கவாதம் என்று தெரிந்துகொண்டு, 108க்குச் சொல்லி, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். முனி இருந்த இடத்தில் மூளை என்கிற பேச்சு வந்திருக்கின்றது. இது நல்ல மாறுதலேயாகும்.

ஆனால் இந்த மாறுதல் பாதி வழியில் நின்றுவிட்டதோ என்று அஞ்ச வேண்டியிருக்கின்றது. எப்படியென்றால், பக்கவாதம் வந்த பின் ஆஸ்பத்திரிக்கு ஓடத் தெரிந்துகொண்ட நம் மக்களுக்கு, அது வராமல் தடுப்பதற்காக டாக்டர் கொடுக்கிற மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது, அதனால் என்ன கெடுதி வரலாம், வந்தால் யாரிடம் சொல்வது என்கிற விஷயங்கள் சரிவரப் போய்ச் சேரவில்லை. "ரத்தம் தின்னாகிற மாத்திரை" என்று நம் பக்கத்தில் சொல்லப்படுகிற அந்த மருந்தைச் சிலர் அளவு பார்க்காமல் வருஷக் கணக்கில் விழுங்கி வருகிறார்கள். சிலர் பல் துலக்கும்போது ஒரு துளி இரத்தம் கண்ட மாத்திரத்தில், விஷமென்று சாக்கடையில் வீசிவிடுகிறார்கள். இரண்டு கூட்டத்தாரும் தங்களுக்கு நேர்ந்ததை டாக்டரிடம் சொல்வதில்லை என்பதில் மாத்திரம் ஒற்றுமையாயிருக்கிறார்கள். அம்மருந்தால் உண்டாகும் ஆபத்து உண்மையானதுதான். ஆனால் அதைச் சொல்லாமல் மறைப்பதால் உண்டாகும் ஆபத்து அதைவிடப் பெரிது என்பதே நாம் இன்று சொல்ல வந்தது.

முதலில் அந்தப் பெயரே தப்பானது. அம்மாத்திரை சாப்பிட்டால் இரத்தம் தண்ணீராகி விடுவதில்லை. கூழில் மோர் ஊற்றுவதுபோல நீர்த்தும் போவதில்லை. காயம் பட்டால் இரத்தம் கட்டுகிறதே, அந்தக் கட்டும் வேலையை அது தாமதப்படுத்துகின்றது. அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ளாததாலேயே, "என் உடம்பில் இரத்தம் குறைந்துபோகும்" என்று பயந்து சிலரும், "ஏற்கெனவே இளைத்த உடம்பு, இதற்கு இரத்தத்தை இளக்கும் மருந்தா?" என்று சிலரும் அதை ஒதுக்குகிறார்கள்.

இரத்தம் கட்டுவதை ஏன் தாமதப்படுத்த வேண்டும் என்று கேட்கலாம். இருதயம் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல், தாறுமாறாகத் துடிக்கும் வியாதி ஒன்று இருக்கின்றது. அப்போது அதன் மேல் அறையில் இரத்தம் தேங்கி, குட்டையில் பாசி படிவதுபோலக் கட்டி உண்டாகின்றது. அந்தக் கட்டி ஒருநாள் புறப்பட்டுப் போய் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயை அடைத்துக்கொள்ளுமானால், அதுவே பக்கவாதம். இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வருவது மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு அதிகம். இது வயதானவர்களுக்கே அதிகமாக வருவது. ஆனால் நம் நாட்டில் இளம் வயதினரையும் பிடிக்கின்ற வழி ஒன்று உண்டு. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் நெருக்கிப் படுக்கும் வீடுகளில், குழந்தைக்குத் தொண்டைப் புண் வந்து, அது கவனிக்கப்படாமல் போய், மூட்டு வீங்கி, சுரம் வந்து, கடைசியில் இருதயத்தின் வால்வையே கெடுத்துவிடுகின்றது. பங்களாக்களில் இந்த வியாதி அதிகமாகக் காணப்படுவதில்லை. நெருக்கமும் வறுமையும் உள்ள இடத்தைத் தேடி வருவது அதற்கு வழக்கம். அப்படிக் கெட்ட வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தானும் அவர் கூட்டாளிகளும் பல முறை தோற்று, பிறகு வெற்றிகண்டு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு மனிதருக்கு வைத்த இந்திய வால்வால், ஏழைகளும் அந்தச் சிகிச்சையைப் பெற வழி பிறந்தது. ஆனால் உலோகத்தாலான எந்த வால்வானாலும் சரி, அதன்மேல் இரத்தம் கட்டாமலிருக்க ஆயுள் முழுவதும் இந்த மாத்திரையைச் சாப்பிட்டே தீர வேண்டும்.

இனி, இந்த மருந்து வந்த கதையைக் கொஞ்சம் சொல்லுவோம். இதை ஒரு ரிஷியும் ஞானதிருஷ்டியால் கண்டு சொல்லவில்லை. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபாகத்திலும் மாடுகள் காரணம் தெரியாமல் இரத்தம் வடிந்து செத்தன. கொம்பு சீவினால் இரத்தம் நிற்பதில்லை, காயடித்தாலும் நிற்பதில்லை. ஸ்கோஃபீல்ட் என்கிற கால்நடை வைத்தியர், பூசணம் பிடித்த ஒருவகைத் தீவனப் புல்லைத் தின்ற மாடுகளே அப்படிச் சாகின்றன என்று கண்டார். 1933ல் விஸ்கான்சினில் ஒரு குடியானவர், செத்த கிடேரியையும், கட்டாமல் தண்ணீராயிருந்த இரத்தத்தை ஒரு பால் கேனிலும், அந்தப் புல்லையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் சுமார் 300 கிலோமீட்டர் வந்து, கார்ல் பால் லிங்க் என்கிற ரசாயனப் பேராசிரியரின் சாலைக்கு வந்து சேர்ந்தார். லிங்க்கும் அவர் மாணாக்கர்களும் ஆறு வருஷம் பாடுபட்டு 1939ல் அந்த விஷத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதைப்போல் செய்த மற்றொரு பொருள்தான் வார்ஃபரின். அது 1948ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1954ல் மனிதர்களுக்கு மருந்தாக அனுமதிக்கப்பட்டது. 1955ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் அதையே கொடுத்தார்கள். கெட்ட காலம் என்று மாட்டைப் புதைத்துவிட்டுப் போயிருந்தால் அந்தக் குடியானவருக்கு நஷ்டம் ஒரு கிடேரியோடு போயிருக்கும். உலகத்துக்கு இந்த மருந்து கிடைத்திருக்காது.

இந்தக் கதையை நாம் சொன்னவுடனே, "பார்த்தீர்களா, இங்கிலீஷ் டாக்டர்கள் எலிப் பாஷாணத்தைக் கொடுக்கிறார்கள்" என்று லேகிய வியாபாரிகள் சிலர் கூச்சல் போடக்கூடும், போட்டும் வருகிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்லும் பதில், ஆம், அதே பொருள்தான் என்பதே. எலிக்கு எவ்வளவு, மனிதனுக்கு எவ்வளவு என்பதில்தான் சங்கதி இருக்கின்றது. இன்னொன்றும் கேட்போம். அவர்கள் விற்கும் உருண்டையில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, அதிகமானால் எதைக் கொடுத்து மாற்றுவது என்று அவர்களால் சொல்ல முடியுமா? வார்ஃபரின் அதிகமானால் கே வைட்டமின் கொடுத்து மாற்றலாம். கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் என்பவர் கோழிக்குஞ்சுகளுக்குக் கொழுப்பில்லாத தீனி போட்டு, அவை இரத்தம் கசிந்து சாவதைப் பார்த்துக் கண்டுபிடித்த வைட்டமின் அது. 1943ஆம் வருஷத்து நோபெல் பரிசு அதற்காகவே கொடுக்கப்பட்டது. விஷமும் தெரியும், மாற்றும் தெரியும், அளக்கும் கோலும் தெரியும். தெரிந்த விஷத்துக்குப் பயப்படுவதற்கு ஒரு அளவு உண்டு. தெரியாத லேகியத்துக்கோ அளவே கிடையாது.

நிற்க, கெடுதி இல்லையென்று நாம் சொல்லவில்லை. கணக்கைச் சொல்லிவிடுகிறோம். இருதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களில், மருந்து சாப்பிடாதவர்களுக்கு வரும் பக்கவாதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வார்ஃபரின் தடுத்துவிடுகின்றது. அதே சமயத்தில், பெரிய பரீட்சைகளில் வார்ஃபரின் சாப்பிட்ட 100 பேரில் வருஷத்துக்குச் சுமார் 3 பேருக்குப் பெரிய இரத்தக் கசிவு உண்டாயிற்று. அதில் ஒரு பெரும் பகுதி குடலிலும் வயிற்றிலும் உண்டாகிக் காப்பாற்றக்கூடியது. மூளைக்குள் கசிவது வருஷத்துக்கு 100ல் 1க்கும் குறைவு. ஆனால் அது வந்தால் மிகக் கொடியது. இரத்தக் கொதிப்பைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கும், குடித்துவிட்டு விழுந்து தலையில் அடிபடுகிறவர்களுக்குமே அந்த ஆபத்து அதிகம். 2021 முதல் வீட்டுக்கே வந்து இரத்தக் கொதிப்பு மாத்திரை கொடுக்கும் ஏற்பாடு நம் மாகாணத்தில் இருந்தும், "தலை சுற்றவில்லையே, எனக்கெதற்கு?" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த மாத்திரையும் சாப்பிட்டு அந்தக் கொதிப்பையும் வைத்துக்கொண்டிருப்பது, பழைய கயிற்றில் பளு தூக்குவது போன்றதாகும். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அது என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை.

கசிவு எப்படித் தெரியும்? ஈறில் இரத்தம், மூக்கில் இரத்தம் நின்றும் நிற்காமலும் வருவது, அடிபடாமலே தோலில் கறுநீலமாய்க் கன்றுவது, சிறுநீர் கருஞ்சிவப்பாய்ப் போவது, மலம் தார்போலக் கறுத்துப் போவது, என்றுமில்லாத தலைவலியும் வாந்தியும் வருவது, இவைகளே அறிகுறி. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் நம் ஜனங்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! தோல் கன்றினால் அது பேய் கிள்ளியது. சிறுநீர் சிவந்தால் சூடு. மலத்தில் இரத்தம் வந்தால் மூலம், அதற்குக் கருணைக்கிழங்கு. மலம் கறுத்தாலோ ஒன்றுமேயில்லை. நேற்றுச் சாப்பிட்டது என்னவோ! இப்படி எல்லாவற்றுக்கும் காரணம் கையில் தயாராயிருப்பதால், மெய்யான காரணத்தைத் தேடவே வழியில்லாமல் போகின்றது. சூடு என்று சொல்லி இளநீர் குடித்துக்கொண்டிருக்கும் பத்து நாளில், வயிற்றுக்குள் கசிகிற இரத்தம் ஒரு மனிதனை வெளுக்க வைத்துவிடும்.

இதைவிடக் கொடுமையானது பெண்கள் விஷயம். வால்வு மாற்றிக்கொண்டு இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் இளம் பெண்கள் ஏராளம். இவர்களுக்கு மாதவிலக்கில் இரத்தப்போக்கு அதிகமாவது இம்மருந்தின் கெடுதிகளில் முக்கியமானது. இதை அவள் யாரிடம் சொல்வாள்? வீட்டில் சொன்னால் தீட்டு. மூலையில் உட்காரு என்பார்கள். ஆஸ்பத்திரியிலோ, மாமியாரும் புருஷனும் பக்கத்தில் நிற்க, எதிரில் ஆண் டாக்டர் இருக்க, பின்னால் ஐம்பது பேர் வரிசையில் காத்திருக்க, அந்தப் பேச்சை எடுக்க அவளுக்கு நா எழும்புமா? "எல்லாம் சரியாயிருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்குதுங்க" என்று தலையாட்டிவிட்டு வருகிறாள். மாதா மாதம் இரத்தம் போய், மூச்சு வாங்கி, குடத்தைத் தூக்க முடியாமல் தள்ளாடும்போது, "சோம்பேறி" என்கிற பட்டம் வேறு கிடைக்கின்றது. மூக்கில் வந்தால் வைத்தியம் செய்யத் தகுந்த இரத்தம், வேறு இடத்தில் வந்தால் வாயால் சொல்லவும் தகாத இரத்தமாக ஆனது எப்படி? இரண்டும் ஒரே குழாயில் ஓடின இரத்தந்தானே? நாம் பல வருஷங்களாகத் தீட்டைப்பற்றிப் பேசி வருகின்றோம். அது பெண்ணின் மானத்தைக் கெடுக்கிறது என்பதே இதுவரை நம் பேச்சாயிருந்தது. மருந்து அளவைச் சிறிது திருத்தி, இரும்புச் சத்தும், போக்கைக் குறைக்கும் மருந்தும் கொடுத்தால் பிழைக்கக்கூடிய ஒருத்தியின் உயிரையே அது கெடுக்கிறது என்பதையும் இனிச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

கர்ப்ப விஷயமும் இதைச் சேர்ந்ததே. வார்ஃபரினும், நம் நாட்டில் அதைவிட அதிகமாகப் பழகும் அசெனோகூமராலும் கர்ப்பத்தின் ஆறாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரையில் குழந்தையின் மூக்கு, எலும்பு முதலியவற்றை ஊனப்படுத்தக்கூடியவை. அப்படி ஒரு குழந்தை பிறந்தால் என்ன சொல்கிறார்கள்? கிரகணத்தன்று வெளியே வந்தாள், கிரகணத்தில் கத்தியைத் தொட்டாள் என்கிறார்கள். சூரியனும் சந்திரனும் இவள் வீட்டு வாசலில் வந்து நின்றா இதைச் செய்தன? மாத்திரை உறையில் காரணம் அச்சடித்திருக்கின்றது; அது இவளுக்குத் தெரியாத பாஷையிலிருக்கின்றது. ஆனால் இதைப் படித்துவிட்டு எந்தப் பெண்ணும் தானாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் வால்வில் இரத்தம் கட்டி, தாய் போய்விடுவாள். கர்ப்பமாவதற்கு முன்னமேயே, இல்லையேல் ஒரு மாதம் தள்ளிப்போனதுமே டாக்டரிடம் சொன்னால், ஊசியாகப் போடும் ஹெப்பாரின் முதலியவற்றைக்கொண்டு வேறு ஏற்பாடு செய்வார்கள்.

அடுத்தபடி, இந்த மாத்திரையோடு வேறு எது சேரக்கூடாது என்பது. நம் பக்கத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், பட்டறையில் குனிந்து வேலை செய்கிறவர்கள் இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது வழக்கம். டைக்ளோஃபெனாக் முதலிய அந்த வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும். இந்த மருந்தோடு சேர்ந்தால் அந்தப் புண்ணிலிருந்து வரும் இரத்தம் நிற்காது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல், பூசணத் தேமலுக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் ஆகியவை வார்ஃபரினின் வேகத்தை ஏற்றிவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினோ நேர்மாறாக அதை இறக்கிவிடும். காசத்துக்கு மருந்து ஆரம்பித்து, இதன் அளவைத் திருத்தாமல் விட்டால் பக்கவாதத்துக்கு வாசலைத் திறந்ததாகும். காசமும் இருதய வியாதியும் ஒரே வீட்டில் குடியிருக்கும் நம் பக்கத்தில் இதை வெறும் புத்தகச் சங்கதியென்று தள்ள முடியாது. "ஊசி போட்டால்தான் வைத்தியம்" என்கிற பைத்தியமும் நமக்குண்டு. இந்த மருந்து சாப்பிடுகிறவருக்குச் சதையில் ஊசி போட்டால் உள்ளே இரத்தம் கட்டி வீங்கலாம். பல் பிடுங்கப் போனாலும், கிளினிக்கில் சட்டையைத் தூக்கினாலும் முதலில் வாயைத் திறந்து, நான் இன்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்ல வேண்டும்.

ஆகாரத்தைப் பற்றியும் ஒரு வதந்தி இருக்கிறது. கீரையே கூடாதாம்! முருங்கைக்கீரை முதலியவற்றில் கே வைட்டமின் அதிகமென்பதும், அது வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்பதும் மெய். அதற்காகக் கீரையை ஒழிக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் கீரையும், அடுத்த வாரம் ஒன்றுமில்லாமலும் இருப்பதுதான் தொல்லை. எப்போதும் தின்கிற அளவை மாற்றாமல் தின்றால், டாக்டர் அதற்குத் தகுந்தபடி மாத்திரையை வைப்பார். விரதங்களின் தொல்லையும் இதுவே. பல நாள் பட்டினி கிடந்தால் கே வைட்டமின் குறைந்து மருந்தின் வேகம் ஏறிவிடும். பட்டினி கிடந்தபின் அலகும் குத்திக்கொண்டு, முதுகில் கொக்கியும் மாட்டிக்கொண்டு கிளம்புகிற ஆசாமி இந்த மாத்திரை சாப்பிடுகிறவனாயிருந்தால் என்ன ஆகும்? அலகு குத்தினால் இரத்தம் வராது, அது அம்மன் சக்தி என்பார்கள். வார்ஃபரினுக்கு அம்மனைத் தெரியாது.

அளவு பார்க்காமல் சாப்பிடக்கூடாது என்றோமே, அந்த அளவு என்ன? இரத்தம் கட்ட எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்து ஐ.என்.ஆர். என்று ஒரு எண் கொடுக்கிறார்கள். மருந்து சாப்பிடாதவருக்கு அது ஏறக்குறைய 1. துடிப்புக் கோளாறுக்காகச் சாப்பிடுகிறவருக்கு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். சில உலோக வால்வுகளுக்குக் கொஞ்சம் கூடுதல். 2க்குக் கீழே போனால் மருந்து சாப்பிட்டும் பிரயோஜனமில்லை. 4ஐத் தாண்டி ஏற ஏற இரத்தக் கசிவின் பயம். ஆரம்பத்தில் சில நாளைக்கொரு முறையும், நிலைத்தபின் மாதத்துக்கொரு முறையும் பார்த்தாக வேண்டும். தன் கூலி எவ்வளவு, வட்டி எவ்வளவு, படகில் பங்கு எவ்வளவு என்பதை விரல் நுனியில் வைத்திருக்கும் நம் தோழர்களில் எத்தனை பேர் தங்கள் ஐ.என்.ஆர். எண்ணைச் சொல்லுவார்கள்?

சொல்லாதது அவர்கள் குற்றம் மாத்திரமல்ல. காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கரையிலிருப்பார்; அப்போது இரத்தம் பார்த்துக்கொள்ளலாம். தடை நீங்கிப் படகு கிளம்பிவிட்டால் ஒரு வாரம், பத்து நாள் கடலிலேயே கழியும். கடலில் மீன் முள்ளும், கத்தியும், கம்பிக் கயிறும் கையைக் கிழிக்காத நாள் கிடையாது. பரிசோதனை நாளன்று அவர் கடலிலிருப்பார். கரைக்கு வரும் நாளில் பரிசோதனை இராது. இராத்திரி ஷிப்டு பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கோ, ஒருநாள் ஆஸ்பத்திரியில் காத்திருந்தால் ஒருநாள் கூலி போச்சு. இவர்களைப் பார்த்து, "ஏன் ஒழுங்காக வரவில்லை?" என்று அதட்டுவது சுலபம்.

புதிய மருந்துகள் வந்துவிட்டனவே, அவற்றுக்கு ஐ.என்.ஆர். வேண்டாமே என்று சிலர் கேட்கலாம். டபிகட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் என்பவை அவை. 2009க்கும் 2011க்கும் இடையில் வெளிவந்த பெரிய பரீட்சைகளில், இவை பக்கவாதத்தை வார்ஃபரினுக்குக் குறையாமல் தடுத்ததோடு, மூளைக்குள் கசிவதை ஏறக்குறையப் பாதியாகவோ அதற்குக் கீழாகவோ குறைத்தன. மிகவும் நல்லது. ஆனால் புதியது என்பதற்காக மயங்கக்கூடாது. உலோக வால்வு வைத்தவர்களுக்கு இவை உதவா. டபிகட்ரானை அவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பரீட்சையைக் கெடுதி கண்டு பாதியில் நிறுத்திவிட்டார்கள். தொண்டைப் புண்ணால் வால்வு கெட்டவர்களில், இந்தியா உள்பட 24 நாடுகளில் 4,500க்கு மேற்பட்டவர்களிடம் ரிவரோக்சபானையும் பழைய மருந்தையும் ஒத்துப் பார்த்து 2022ல் முடிவு வெளியிட்டார்கள். பழைய மருந்து சாப்பிட்டவர்களே குறைவாகச் செத்தார்கள். ஏழைகளின் வியாதியை ஏழை நாடுகளிலேயே பரீட்சித்துப் பார்த்ததால்தான் இது தெரிந்தது. பணக்கார நாட்டுக் கணக்கை அப்படியே நமக்கும் வைத்துக்கொண்டிருந்தால் தெரிந்திருக்குமா?

புதிய மருந்துகளுக்கும் கசிவு உண்டு. மூத்திரக்காய் கெட்டவர்களுக்கு அவை உடம்பில் தங்கிவிடும். ஆகையால் அதைப் பரிசோதித்து வர வேண்டும். ரிவரோக்சபானைச் சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். டபிகட்ரான் வயிற்றெரிச்சல் கொடுக்கும். அதன் குப்பியைத் திறந்து தூளைக் கொட்டிக்கொள்ளக் கூடாது. ஈரம் பட்டாலும் கெடும்; ஆகவே உறையிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டு, நம் கடற்கரை வீட்டு உப்புக்காற்றில் அலமாரியில் வைக்கக் கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமானது, இவற்றின் வேகம் ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும். கையில் காசில்லை என்று இரண்டு நாள் விட்டால், அந்த இரண்டு நாளும் காவலில்லாத வீடுதான்.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருவருக்குக் கை கால் விழுந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறோம். அடைப்பாலும் விழலாம், கசிவாலும் விழலாம். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலொழிய யாராலும் சொல்ல முடியாது. அடைப்பாயிருந்தால் நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுப்பார்கள். ஆனால் இந்த மாத்திரை உடம்பில் வேலை செய்துகொண்டிருப்பவருக்கு அதைக் கொடுத்தால் ஆபத்தாகும். ஆகையால் கூடப் போகிறவர் மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்றும் சொல்ல வேண்டும். விபூதி பூசிக்கொண்டு போவதானால் போகட்டும். அட்டையை மறக்க வேண்டாம்.

டாக்டர்களுக்கும் நமக்கும் ஒரு சண்டை பாக்கி இருக்கின்றது. மருந்தைக் கொடுத்தவர் அதன் கெடுதியைச் சொன்னால் நோயாளி பயந்து நிறுத்திவிடுவான் என்று சிலர் கருதுகிறார்கள். சொல்லாததால்தான் நிறுத்துகிறான் என்பது நம் கருத்து. ஈறில் இரத்தம் வரக்கூடும், வந்தால் இன்னது செய் என்று முன்னமேயே சொல்லப்பட்டவன், வந்தபோது திகிலடைய மாட்டான். ஒன்றும் சொல்லப்படாதவனே, "ஏமாற்றிவிட்டார்கள்" என்று எண்ணி லேகியக்காரனிடம் போகின்றான். நோயாளியும் "பெரியவர் சொன்னார், கேள்வி கேட்கலாமா?" என்று கைகட்டி நிற்க வேண்டியதில்லை. வேதத்தைக் கேள்வி கேட்கத் துணிந்தவன் மருந்துச் சீட்டைக் கேட்கக் கூசுவானேன்? எனக்கு எதற்காக இந்த மருந்து, என் எண் என்ன, எத்தனை நாளைக்கு, எதைக் கண்டால் ஓடி வர வேண்டும் என்று கேட்கட்டும்.

சர்க்காருக்கும் நாம் சொல்ல வேண்டியதுண்டு. விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு இரத்தத்தில் ஐ.என்.ஆர். எண்ணைச் சில நிமிஷத்தில் காட்டும் சிறு கருவிகள் உலகத்தில் வந்து வெகு காலமாயிற்று. இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலுள்ள நகர்ப்புற சுகாதார நிலையங்கள் ஒவ்வொன்றிலும் அக்கருவி இருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடியபடி வாரத்தில் ஒரு நாளாவது சாயங்காலத்தில் அது நடக்க வேண்டும். காசிமேட்டில் படகு கரை சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே நடந்தால் இன்னும் விசேஷம். பெண்களிடம் பெண்களே தனியாக உட்காரவைத்துக் கேட்கும்படியான ஏற்பாடு வேண்டும். மாத்திரை கொடுக்கும்போதே, மருந்தின் பெயர், எண், கெடுதிகள், ஓடிவர வேண்டிய அறிகுறிகள் யாவும் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்த ஒரு அட்டை கொடுக்கப்பட வேண்டும். எழுத்தறியாதவர்களுக்கு அதைப் படித்துக்காட்டும் வேலையை நம் தெருக்களிலுள்ள வாசக சாலைத் தோழர்கள் ஏற்றுக்கொள்ளலாம். மாலையில் பத்திரிகை படித்துக்காட்டுகிற அதே இடத்தில், இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களை வரச்சொல்லி, அவரவர் கடைசியாக எப்போது இரத்தம் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டுக் குறித்துவைக்க ஒரு நோட்டுப்புத்தகம் போதும்.